வாஷ்பேசின் அடியில் ஒரு வித்தை

இழுத்துப்பாருவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது; அட்டை பெட்டிக்குள் இருக்கிறது. வெளியில் புழங்குவதெல்லாம் இந்தப் பெயர்தான். வீடு கட்டுகிறவர்களிடம் "குழாய் வேலைக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டால், "இழுத்துப்பாருவைத்தான்" என்பார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கோபம் வருமா என்றால், வராது. மேடையேற்றிப் பட்டம் கொடுத்ததுபோல் நிமிர்ந்துகொள்வார்.

அவர் போடுவது சொருகு குழாய். பசை கிடையாது, திருகுமரை கிடையாது, நெருப்பு வைத்துப் பற்றவைக்கிற சமாசாரம் கிடையாது. பிளாஸ்டிக் குழாயை நேராக வெட்டி, முனையில் பிசிறில்லாமல் வழித்து, எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டு, இணைப்புக்குள் அழுத்திச் சொருகினால் தீர்ந்தது. இணைப்பின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கும். இன்னொரு வளையம், எஃகுப் பல் வைத்தது, குழாயைக் கவ்விக்கொள்ளும். சொருகியதும் ஒரு தடவை பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் அது நிற்கும். இல்லையென்றால் அப்போதே கையோடு வந்துவிடும். இதுதான் அவருடைய வேதம். "இழுத்துப் பாருங்க சார், பயப்படாம இழுங்க" என்று வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் மாமனார், செங்கல் இறக்க வந்த லாரிக்காரர் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டு இழுக்கச் சொல்வார். பெயர் வராமல் என்ன செய்யும்?

பிளாஸ்டிக் என்றதும் மூக்கைச் சுளிக்கிற சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாய்க்குள் மாட்டியிருக்கிற பல் செட்டு பிளாஸ்டிக், மூக்கில் தொங்குகிற கண்ணாடிச் சட்டம் பிளாஸ்டிக், உட்கார்ந்திருக்கிற நாற்காலி பிளாஸ்டிக். ஆனால் சுவருக்குள் போகிற குழாய் மட்டும் இவர்களுக்கு இரும்பாக இருக்க வேண்டும்! துருப்பிடித்துச் சிவப்பாகத் தண்ணீர் வந்தால்தான் திருப்தி. இப்படிப்பட்டவர்களை எல்லாம் இழுத்துப்பாரு இழுக்க வைத்தே வழிக்குக் கொண்டுவந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் இல்லையா?

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. கதவைப் பூட்டினால் பூட்டை இழுப்பார். பையை மூடினால் ஜிப்பை இழுப்பார். அவர் மனைவி தையல்காரி. அந்தத் தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை அவள் கையால்தான். அப்பேர்ப்பட்டவள் தைத்த பட்டனையும் அவர் விட்டதில்லை.

"ஏங்க, அதுல என்ன தண்ணியா ஓடுது? எதுக்கு இழுக்கறீங்க?"

"எது ஓடினா என்ன, இழுத்துப் பார்க்கணும். இந்தா, கையோட வந்துடுச்சு பாரு. தையல் சரியில்ல."

"நீங்க இழுக்காம இருந்தா சட்டை நைஞ்சு கந்தலானாலும் அந்தப் பட்டன் நிக்கும். ஊர்ல எல்லாருக்கும் நிக்குது. உங்களுக்கு மட்டும்தான் வாராவாரம் தைக்கறேன்."

 அப்போதெல்லாம் அவர் டீ கேட்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அக்கா வீட்டு மாடி வந்து சேர்ந்தது.

அக்கா வீட்டில் குளியலறை வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி இருந்தது. மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு குளிக்கப் போக வேண்டும். குளித்துவிட்டு நனைந்துகொண்டு வர வேண்டும். அக்காவுக்கு முட்டி வலி வந்த பிறகு மாடிப்படி ஒவ்வொன்றும் மலையாகிவிட்டது. மாடியில் படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறை கட்டிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியவர் அத்தான்.

அத்தான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, ஆள் ஓயவில்லை. காட்டினால்தான் நம்புவார். காய்கறிக்காரி "பூச்சி இல்லைங்க" என்றால் "வெட்டிக் காட்டு" என்பார். டாக்டர் "காய்ச்சல் இல்லை" என்றால் "தெர்மாமீட்டரைக் காட்டுங்க" என்பார். யாராவது சிரித்துக்கொண்டே எதிரில் வந்தால், டிக்கெட் எடுக்காமல் சிரிக்கிறானோ என்று சந்தேகப்படுவார். அக்காவிடம் மட்டும் "காட்டு" என்று கூடச் சொல்வதில்லை. "நீ சும்மா இரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். திரைச்சீலையின் நிறத்திலிருந்து பிள்ளையின் படிப்புவரை அக்காவின் யோசனை எல்லாம் அந்த ஒரு வரியில்தான் போய் முடிந்தது.

மாடிக் குளியலறைக்கும் அதே பாட்டுதான். "மேல தண்ணி, கீழ சமையலறையா? அதுவும் உன் தம்பி சொருகற பிளாஸ்டிக்கா? ஒழுகினா சோத்துல விழும். நீ சும்மா இரு."

அன்றைக்கு அக்கா சும்மா இருக்கவில்லை. என்ன வந்ததோ தெரியாது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "என் தம்பி செஞ்சா ஒரு சொட்டு ஒழுகாது. ஒழுகிச்சுன்னா, இந்த வீட்டுல இனிமே நான் எதுக்கும் வாயைத் திறக்கலை. நீங்க வெச்சதுதான் சட்டம். போதுமா?"

அத்தானுக்கு அது நல்ல பேரமாகப் பட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் இழுத்துப்பாரு அக்காவிடம் ஓடினார். "ஏங்க்கா இப்படி வாயைக் கொடுத்தே?"

"பின்னே? பொறந்ததுலேருந்து உன்னைப் பார்க்கறேன். நீ செஞ்சா நிக்கும்."

"வந்து இழுத்தாவது பாரேன்."

"நான் எதுக்குடா இழுக்கணும்? உன் அத்தானை இழுக்கச் சொல்லு. என் காலை மட்டும் வாரி விட்டுடாதே, அது போதும்."

வேலை தொடங்கியது. அத்தான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் கடைசி இருக்கையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தார். முகத்தில் மருந்துக்கும் நம்பிக்கையில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வாஷ்பேசினுக்குத் தண்ணீர் ஏறுகிற குழாயை மாட்டும்போது இழுத்துப்பாருவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், இங்க வாங்க. சொருகறேன், பாருங்க. சொருகியாச்சு. இப்ப இழுங்க."

அத்தான் இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சுவரில் காலை ஊன்றி இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"வராது அத்தான். ஆனா நான் நெனச்சா வரும். இந்த விளிம்புல இருக்கிற வளையத்தை ரெண்டு விரலால அழுத்துங்க. அழுத்திக்கிட்டே இழுங்க."

குழாய் டக்கென்று வெளியே வந்தது. அத்தான் வாயைப் பிளந்தார்.

"திரும்பச் சொருகுங்க. இழுங்க. வருதா?"

"வரலையே!"

"அவ்வளவுதான்."

அத்தான் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மெதுவாக, "இன்னொரு தடவை காட்டு" என்றார். காட்டினார். "இன்னொரு தடவை." அன்று மத்தியானம் முழுக்க இதுதான் நடந்தது. அடியில் இருக்கிற சின்ன வால்வை மூடுவது, வளையத்தை அழுத்துவது, உருவுவது, சொருகுவது. கடைசியில் இழுத்துப்பாரு குழாயின் முனையை ஒரு விரற்கடை வெட்டியெறிந்துவிட்டுப் புது முனையாகச் சொருகி, இழுத்துப் பார்த்து, அந்த இடத்துக்கு ஒரு சின்னக் கதவும் போட்டார். முனையை ஏன் வெட்டினார் என்று அத்தான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. வித்தை காட்டி முடித்த சந்தோஷத்தில் யாருக்குப் பாடம் எடுக்கத் தோன்றும்?

இன்னொரு விஷயமும் அந்த வேலையில் நடந்தது. ஷவருக்குப் போகிற குழாயில், சுவருக்குள், முழங்கை வளைவு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அக்கா "சாப்பாடு ஆறிப்போகுதுடா!" என்று கத்தினாள். "வரேங்க்கா" என்று எழுந்து போனார். சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்த இணைப்பைத் தொடங்கினார். அந்த முழங்கையை இழுத்துப் பார்த்தோமா, இல்லையா? அப்போது அவர் யோசிக்கவில்லை. எல்லாம் முடிந்து பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். அழுத்தம் காட்டுகிற கருவியின் முள் இறங்காமல் நின்றது. டைல்ஸ்காரர் வந்து, அக்கா கடைகடையாக ஏறி இறங்கித் தேடியெடுத்த நீலநிற டைல்ஸை ஒட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு நாள் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருக்கும்போதுதான், அந்த முழங்கை அவர் நினைவுக்கு வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. அக்கா குடையில்லாமல் குளித்தாள். போனில் பேசும்போதெல்லாம் "மகராசனா இருடா" என்பாள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவருக்கு அந்த முழங்கைதான் கண் முன்னால் வரும்.

ஒரு நாள் போன் வந்தது. அக்கா குசுகுசுவென்று பேசினாள்.

"தம்பி, சமையலறைக் கூரையில ஈரம்டா. தட்டு அளவுக்கு. நேத்து கிண்ணம் அளவுதான் இருந்தது."

"ஏங்க்கா இவ்வளவு மெதுவாப் பேசறே?"

"நான்தான் வாயைத் திறக்கறதில்லைன்னு சொல்லிட்டேனே. ஈரத்தைப் பார்த்ததுலேருந்து பேசலை. சொன்னா சொன்னதுதான்."

மனைவியையும் கூட்டிக்கொண்டு விழுந்தடித்துப் போனார். வீடு இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. அக்கா உண்மையாகவே பேசவில்லை. தட்டை மேசைமேல் வைக்கிற சத்தத்தில் 'சாப்பிடுங்க', கதவைச் சாத்துகிற சத்தத்தில் 'போதும்', அவ்வளவுதான். "டீ இருக்கா?" என்று அத்தான் கேட்டால் டீ வரும், பதில் வராது. ஆயுள் முழுக்க "சும்மா இரு" என்று சொன்னவருக்கு அவள் சும்மா இருந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதைவிடப் பயங்கரம், அத்தான் அன்பாக இருந்தார்.

"வா மச்சான், வா. என்ன இளைச்சுட்டே? ஈரமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. காத்துல வேர்த்திருக்கும். இல்லாட்டி மழைத்தண்ணி. உன் குழாய்ல கோளாறே இருக்காது. பெரிசுபடுத்தாதே."

மழை விட்டு மாதக்கணக்காகிறது. இழுத்துப்பாரு மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். திட்டுகிற மனிதர் திட்டினால் ஒரு வழியாகத் தாங்கிக்கொள்ளலாம். பேரத்தில் ஜெயித்தும் குத்திக்காட்டாமல் டீ ஊற்றிக் கொடுத்தால்? "அவர் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டார். அதான் கத்தலை" என்று மாடிப்படியில் வைத்து அக்கா காதோடு சொன்னாள். கண் கலங்கியிருந்தது. "மாடிக் குளியலறையைப் பூட்டிடுவார். பூட்டட்டும்டா, நான் முற்றத்துலயே குளிச்சுக்கறேன். ஆனா இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை என் பேச்சு எடுபட்டது. அதுவும் போச்சே."

 இழுத்துப்பாருவுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. எல்லாம் அந்த முழங்கை.

புத்தியுள்ள பிளம்பர் என்ன செய்வார்? வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது என்று பார்ப்பார். மற்றவர் வீடாக இருந்தால் இவரும் அதைத்தான் செய்திருப்பார். இது அக்கா வீடு. புத்தி வாசலில் செருப்போடு நின்றுவிட்டது. வாஷ்பேசின் கதவைத் திறந்து பெயருக்கு எட்டிப் பார்த்தார். முன்பக்கம் காய்ந்து கிடந்தது. ஊரே இழுத்துப் பார்த்தாலும் அசையாத இணைப்பு, அதையா சந்தேகப்படுவது? மூடினார். உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"உடைக்க வேணாம் மச்சான்!" என்று அத்தான் பதறினார். "நல்ல டைல்ஸு. எதுக்கு உடைக்கறே? நான் சொல்றேன், அங்க இருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு... ஒரு இதுதான்."

உடைத்தார். அக்கா கடைகடையாகத் தேடின நீல டைல்ஸ் சில்லுச் சில்லாக விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அக்கா கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை. சிமெண்டைப் பெயர்த்து, தூசியை ஊதி, விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

முழங்கை காய்ந்த மரக்கட்டைபோல இருந்தது. மார்க்கர் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. விரலை வைத்தார், வெள்ளைத் தூசிதான் ஒட்டியது. இழுத்தார். மலையை இழுத்ததுபோல நின்றது. இத்தனை மாதம் அவர் தூக்கத்தைக் கெடுத்த முழங்கை, ஊரிலேயே யோக்கியமான முழங்கை! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு அக்கா காசையும் சேர்த்துக்கொண்டார் அவர்.

"அப்போ எங்கேருந்துதான் வருது?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வாசல் மணி அடித்தது.

அக்கா இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். அத்தானோடு காலையில் நடக்கப் போகிற ஓய்வுபெற்ற தபால்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு ஆள்.

"சார் இருக்காரா? இவர் எங்க எதிர்வீடு. புதுசா வீடு கட்டறார். அந்த வித்தையை இவருக்கும் ஒரு தடவை காட்டினார்னா நல்லாயிருக்கும்."

மாடியில் அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

கீழே அக்கா அங்கேயே நின்றாள். தன் சத்தியமும் தன் ஆர்வமும் அவளுக்குள் மல்லுக்கட்டின. சத்தியம் தோற்றது.

"என்ன வித்தை?"

"என்னம்மா, உங்களுக்கே தெரியாதா? குழாய் வித்தைதான்! வாஷ்பேசின் அடியில டக்குனு கழட்டுவார், டக்குனு மாட்டுவார், 'இழுத்துப் பாருங்க'ன்னு நம்மளை இழுக்கச் சொல்வார். எங்க நடைக்கூட்டம் மொத்தமும் வந்து பார்த்தாச்சு. நீங்க சாயங்காலம் கடைக்குப் போற நேரமாப் பார்த்துத்தான் கூப்பிடுவார். போன வாரம்கூட மருந்துக்கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தோமே!"

அக்கா படியேறி வந்தாள். முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னாலேயே தபால்காரரும் அந்த ஆளும். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

"யாரு, நானா?" என்றார் அத்தான். "நான் அந்தச் சின்னக் கதவைத் திறந்ததே இல்லையே. வால்வு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். கதவையும் வால்வையும் பற்றி அங்கே யாரும் பேச்செடுக்கவேயில்லை. ஆயுள் முழுக்க டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்த மனிதர், அன்று தன் வீட்டு மாடியில் டிக்கெட் இல்லாமல் நின்றார். தப்பித்து இறங்கிக்கொள்ளலாமென்றால் அடுத்த நிறுத்தமும் இல்லை.

இழுத்துப்பாரு வாஷ்பேசின் அடியில் தலையை விட்டார். ஒரு காகிதத் துண்டை எடுத்துக் குழாயின் பின்பக்கம் தடவினார். நனைந்து வந்தது. இணைப்பின் பின்புறத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீர் கசிந்து, குழாயோடு ஒட்டிக்கொண்டே இறங்கி, குழாய்க்காகத் தரையில் போட்ட ஓட்டை வழியாகக் கீழே சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வால்வை மூடி, குழாயை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். முனை முழுக்கக் கோடு கோடாகக் கீறல். சாணை பிடிக்கிற கல்லில் தேய்த்ததுபோல.

"அத்தான், இதைக் கழட்டினா முனையை வெட்டிட்டுத்தான் திரும்பச் சொருகணும். எஃகுப் பல்லு கீறின இடத்துல ரப்பர் உக்காராது. தண்ணி வழி கண்டுபிடிச்சுடும்."

"அதை நீ சொல்லவே இல்லையே மச்சான்!" அத்தானுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது. "நீயும்தான் அன்னிக்குப் பத்துத் தடவை கழட்டி மாட்டினே."

உண்மைதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு கெட்டது. இழுத்துப்பாருவின் மனைவி கதவில் சாய்ந்துகொண்டு, அவர் சட்டையின் இரண்டாவது பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  

"எத்தனை பேருக்குக் காட்டினீங்க?" என்றாள் அக்கா.

"ஒரு நாலஞ்சு பேர் இருக்கும்."

"சார் அடக்கமாச் சொல்றார்" என்றார் தபால்காரர்.

"எதுக்குக் காட்டினீங்க?"

அத்தான் தரையைப் பார்த்தார். உடைந்த டைல்ஸைப் பார்த்தார்.  "எதுக்குன்னா... நல்லா இருந்தது. காட்டணும்போல இருந்தது. பிளாஸ்டிக்கா, ஒழுகாதான்னு அவனவன் கேக்கறான். எனக்கு ஆத்திரம் வராதா? வந்து இழுத்துப் பாருடான்னேன். அதுக்கப்புறம் ஈரத்தைப் பார்த்ததும்... நம்ம கைவரிசைதானோன்னு ஒரு சந்தேகம். எப்படிச் சொல்றது? நீ வேற பேச மாட்டேங்கறே."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவள் குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்தாள், சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் சரி. என் டைல்ஸை எதுக்குடா உடைச்சே, பாவி?"

மறுநாளே இழுத்துப்பாரு மறுபடியும் வந்தார். வாஷ்பேசின் குழாயின் கீறல் விழுந்த முனையை வெட்டியெறிந்து, புதிதாகச் சொருகி, ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அந்த நீல டைல்ஸ் இப்போது கடையில் வருவதில்லையாம். சுவரில் விழுந்த ஓட்டைக்கு ஒரு சின்னக் கதவு செய்து கொண்டுவந்திருந்தார். அத்தானுக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார்: கையகலத் துண்டுக் குழாய், ஒரு இணைப்பு.

"அத்தான், இது உங்களுக்கே உங்களுக்கு. தண்ணி கிடையாது, ஈரம் கிடையாது. யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க. வாஷ்பேசின் கதவை மட்டும் தொடாதீங்க."

அத்தான் அதைக் குழந்தை பலூனை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு, சட்டைப் பை புடைக்கக் கீழே இறங்கினார்.

இழுத்துப்பாரு சுவரில் கதவைப் பொருத்திக்கொண்டிருந்தார். அக்கா டீயோடு வந்து நின்றாள். "குழாய்க்கு ஒரு கதவு, சுவத்துக்கு ஒரு கதவு. அடுத்தது என்ன, கதவுக்கு ஒரு கதவா?" என்று சீண்டினாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, ஜன்னல் வழியாகக் கீழே தெருவிலிருந்து அத்தானின் குரல் வந்தது. வாசலில் யாரையோ நிறுத்தி வைத்திருந்தார்.

"இழுங்க சார். இன்னும் பலமா இழுங்க. வருதா? வராது! இதைப் போடவே கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னவன் சார் நான். என் வீட்டுக்காரிதான் ஒரு சொட்டு ஒழுகாதுன்னா. நான் எங்க கேட்டேன்? அவ சொன்னதுதான் சரியாப் போச்சு. நான் கையை வெச்சு ஒழுக வெச்சேன், அது வேற கதை. அவ சொன்னதை முதல்லயே கேட்டிருக்கணும் சார்."

அக்காவின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது. தம்பியைப் பார்த்தாள். பிறகு டம்ளரை வாஷ்பேசின்மேல் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் வெளியே தலையை நீட்டினாள்.

"ஏங்க! சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க!"

அத்தான் அண்ணாந்து பார்த்தார். வாயில் பழக்கதோஷத்தில் "நீ சும்மா" என்பதுவரை வந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டார். எதிரே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் தொண்டையைச் செருமினார். பஸ்ஸில் கடைசி இருக்கைவரை கேட்க வேண்டுமென்று பேசிப் பழகிய அந்தக் குரலில், தெருவே கேட்க, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார்.